நடிக்கிறவர் நிற்க வேண்டும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. இதில் முக்கியமான பகுதியை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆபீசில் ரியாஸ் என்று ஒரு பையன் சொல்லித்தான் தெரியும். ரியாஸும் பார்க்கவில்லை, அவனுக்கு அவன் அறைக்காரர் சொன்னது. கேட்டதைக் கேட்டது என்றும் பார்த்ததைப் பார்த்தது என்றும் பிரித்துச் சொல்லிவிட்டால் பின்னால் ஒரு பேச்சு வராது.

உட்காருங்கள். அது வேண்டாம், அதன் கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. முன்னால் இருந்தவர் ஏன் காலி செய்தார்? நானும் எந்த வீட்டுக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பேன். தண்ணீர் பிரச்சினை இல்லை. ஓனர் தொந்தரவு இல்லை. மழைக்காலத்தில் இந்தத் துரைப்பாக்கத்தில் எல்லாத் தெருவிலும் தண்ணீர் நிற்கும், இந்தத் தெருவிலும் நிற்கும், ஆனால் மாடிக்கு வராது. முன்னால் இருந்தவன் ஜெர்வின். அவன் போனதற்குச் சொன்ன காரணம் ஆபீஸ் தூரம். மேடவாக்கத்திலிருந்து பக்கம் என்றான். நான் மேப்பில் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. இருந்தாலும் அவன் சொன்னதை அப்படியே உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், சனிக்கிழமை விளையாட்டால்தான் போனான். தோன்றுகிறது என்றுதான் சொல்ல முடியும்.

சினிமாப் பெயர் கண்டுபிடிக்கிற விளையாட்டு இருக்கிறதே, டம் ஷராஸ், நீங்களும் காலேஜில் ஆடியிருப்பீர்கள். ஒருவர் சீட்டு எடுப்பார். அதில் இருக்கும் படத்தின் பெயரை வாயைத் திறக்காமல் நடித்துக் காட்ட வேண்டும். எத்தனை சொல் என்று விரலை நீட்டுவார்கள், பழைய படம் என்றால் கையைப் பின்னால் தள்ளிக் காட்டுவார்கள். மற்றவர்கள் கத்திக் கத்திக் கண்டுபிடிக்க வேண்டும். இதே ஹாலில்தான் நடக்கும். நடிக்கிறவர் அந்தப் பீரோ ஓரமாக, பால்கனியைப் பார்த்து நிற்பார். நாங்கள் பால்கனிக்கு முதுகைக் காட்டி இந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்போம்.

நான்கு பேர்தான். ஜெர்வின் என் அறைக்காரன், நாகர்கோவில் பக்கம். அவனுடைய பழைய ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டு பேர், தேன்மொழியும் பரணியும். தேன்மொழி கும்பகோணம். அவள் வாயில் யாரும் தப்ப முடியாது. பரணிக்குத் திருத்தணி. அவன் அதிகம் பேச மாட்டான், ஆனால் நடித்தால் இந்த வீடே அதிரும். நான்காவது நான்.

என்னை அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கயத்தாறு என்பார்கள். ஹாஸ்டலில் எல்லாம் ஊர்ப் பெயர்தானே, அந்தப் பழக்கத்தில் ஜெர்வின் ஆரம்பித்து வைத்தான். செந்தூர்பாண்டி என்ற என் பெயர் தேன்மொழிக்கும் பரணிக்கும் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஆபீசில் பாண்டி. இங்கே கயத்தாறு.

எனக்கு அந்த விளையாட்டு தெரியாது. விளையாட்டு என்ன, சினிமாவே தெரியாது. ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டிலும் கேபிளைக் கழற்றினார்களா? பார்த்தீர்களா. எல்லா வீட்டிலும் நடந்ததுதான். நான் பத்தாம் வகுப்புக்குப் போனதும் அப்பா கேபிள்காரரைக் கூப்பிட்டு வயரைக் கழற்றச் சொல்லிவிட்டார். கவர்மெண்ட் கொடுத்த டிவியை அது வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றினார்கள். மற்ற வீடுகளில் பரீட்சை முடிந்ததும் இணைப்புக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் பத்து முடிந்ததும் பிளஸ் டூ வரட்டும் என்றார்கள், பிளஸ் டூ முடிந்ததும் இன்ஜினியரிங் முடியட்டும் என்றார்கள், அது முடிந்ததும் வேலை கிடைக்கட்டும் என்றார்கள். அப்பா மில்லில் லோடு ஏற்றுகிறவர். எங்கள் சொந்தத்தில் காலேஜ் வாசலைப் பார்த்த முதல் ஆள் நான். படிப்பு எப்போது முடியும் என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேலை கிடைத்த பிறகு அப்பா கேபிளை இணைத்தார். நான் அப்போது சென்னைக்குப் பஸ் ஏறியிருந்தேன்.

நான் பார்த்த படம் எல்லாம் பஸ்ஸில் பார்த்தது. கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டி தாண்டி காலேஜ். திருநெல்வேலியில் புறப்பட்டு வரும் தனியார் பஸ். அங்கே கிளம்பும்போதே படம் போட்டுவிடுவார்கள். நான் ஏறும்போது பெயர் போட்டு முடிந்திருக்கும், இரண்டு பாட்டும் முடிந்திருக்கும். சண்டை சூடு பிடிக்கிற இடத்தில் என் ஸ்டாப் வந்துவிடும். இப்படி நான்கு வருஷம். எத்தனையோ படம் பார்த்தேன், ஒன்றுக்கும் பெயர் தெரியாது, முடிவும் தெரியாது.

முதல் சனிக்கிழமை இதை நான் உள்ளபடி சொன்னேன். எனக்கு ஆட வராது, நீங்கள் ஆடுங்கள், நான் போனில் நேரம் பார்க்கிறேன் என்றேன். தேன்மொழி விடவில்லை. "பாதிப் படம் பார்த்திருக்கேல்ல, அந்தப் பாதியச் சொல்லு. நாங்க கண்டுபிடிக்கிறோம்" என்றாள்.

நான் சொன்னேன். ஒருவர் கல்யாண மண்டபத்தில் சமையல்காரர் வேஷம் போட்டு நிற்கிறார். ஏன் வேஷம் போட்டார் என்று எனக்குத் தெரியாது. அவருக்குச் சமையலும் தெரியாது. பெண்ணின் அப்பா வந்து ரசத்தை ருசி பார்த்துவிட்டு அழுகிறார். ஏன் அழுகிறார் என்று சொல்லும் இடத்தில் நாலாட்டின்புத்தூர் வந்துவிட்டது, கண்டக்டர் டிக்கெட் போட டிவிக்கு நேராக வந்து நின்றுவிட்டார். அவர் நகர்ந்தபோது எல்லோரும் ஒரு படகில் இருக்கிறார்கள். ரசத்திலிருந்து படகுக்கு எப்படிப் போனார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இப்படித்தான் சொன்னேன், நடந்தது நடந்தபடி.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பரணி தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் படம் எது என்று அவர்களுக்குள் சண்டை. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசியில் அது ஒன்று. "கயத்தாறு, இன்னைக்கு என்ன பாதி?" என்பார்கள். நான் சொல்வேன். சிரிப்பார்கள். சில நாள் விளையாட்டை விட்டுவிட்டு முழுக்க அதுவே நடக்கும். ஜெர்வின் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "மக்கா, கண்டக்டரு எப்ப வருவாருன்னு மட்டும் சொல்லு" என்பான்.

நீங்களே சொல்லுங்கள் தம்பி. எத்தனை நாள் ஒரு மனிதன் சிரிப்புக்கு ஆளாக இருக்க முடியும்? அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் தெரியாதவனைப் பார்த்துத்தானே சிரிப்பு வருகிறது. காலேஜில் என் இங்கிலீஷைக் கேட்டும் இப்படித்தான் சிரித்தார்கள். அதை நான் படித்துத்தான் சரி செய்தேன். எனக்கு ஒரே வழிதான் தெரியும். தெரியாது என்றால் படிக்க வேண்டும்.

படித்தேன். தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் ஒரு படம். வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தால் நேரம் மிச்சமாகும். பாட்டைத் தள்ளிவிடலாம். எந்த வருஷம், யார் இயக்கம், யார் எடிட்டிங், தீபாவளிக்கு வந்ததா பொங்கலுக்கு வந்ததா, எல்லாம் மனப்பாடம். ஜெர்வின் தூங்கும்போது நான் காதில் மாட்டிக்கொண்டு பார்ப்பேன். ஒருநாள் அவன் எழுந்து தண்ணீர் குடிக்க வந்தவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். "எதுக்குல இவ்வளவு கஷ்டப்படுத?" என்றான். கஷ்டம் இல்லை, பிடித்திருக்கிறது என்றேன். பிடித்துத்தான் இருந்தது. ஓரளவு.

மூன்று மாதத்தில் நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். ஒரு விரலை நீட்டினாலே சொல்லிவிடுவேன். பரணி நடித்து முடிப்பதற்குள், சில நேரம் நடிக்க ஆரம்பிப்பதற்குள். யாராவது தவறான விவரம் சொன்னால் உடனே திருத்துவேன். நம்பாவிட்டால் போனை எடுத்துக் காட்டுவேன். தேன்மொழி ஒருமுறை, சின்ன வயதில் அவள் அப்பா தோளில் உட்கார்ந்து முதன்முதலாகப் பார்த்த படம் என்று ஏதோ சொன்னாள். அந்தப் படம் வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது ஆகியிருக்கும். தோளில் உட்கார முடியாது. அதைச் சொன்னேன். அவள் அடுத்த சீட்டை எடுத்தாள். விவரம் சரியாக இருந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே.

ஒருநாள் அவளே கேட்டாள், "ரொம்ப நாளாச்சு, ஒரு பாதிப் படம் சொல்லேன்" என்று. நான் அந்தச் சமையல்காரர் படத்தையே சொன்னேன். இப்போது எனக்கு அது முழுதாகத் தெரியுமே. ஏன் வேஷம் போட்டார், ரசத்தைக் குடித்துவிட்டு ஏன் அழுதார், படகு எங்கிருந்து வந்தது, எல்லாம் ஒழுங்காக, முதலிலிருந்து கடைசி வரை. முடித்ததும் அவள் "ம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது. சின்ன விஷயம்தான். பரணியின் அப்பா தவறிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து அவன் முதன்முதலாக வந்திருந்தான். மொட்டைத் தலையில் தொப்பி வைத்திருந்தான். ஜெர்வின் நடித்தான், பரணி கண்டுபிடித்தான். சரியான பதில்தான். ஆனால் நேரம் முடிந்த பிறகு சொன்னான். போன் என் கையில் இருந்தது. நான் நேரம் முடிந்தது என்றேன்.

"விடு கயத்தாறு" என்றாள் தேன்மொழி.

"விட்டா அப்புறம் விதி எதுக்கு?" என்றேன்.

நான் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். பரணி, "கரெக்டுதான்பா, டைம் முடிஞ்சுது" என்றான். அவனே ஒப்புக்கொண்டான். அவன் அப்பாவுக்காக நான் வருந்தவில்லையா? வருந்தினேன். காரியத்துக்குப் போக லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. அது வேறு, இது வேறு. ஜெர்வின் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். பாதிக் குடித்த டீயோடு எடுத்துப் போனான்.

அடுத்த வாரம் தேன்மொழிக்கு ஊரில் வேலை. அதற்கு அடுத்த வாரம் பரணிக்கு உடம்பு சரியில்லை. பிறகு ஜெர்வினுக்கு ஆபீஸ் தூரம். போகும்போது கட்டிப் பிடித்துவிட்டுத்தான் போனான். "வா மக்கா, அடிக்கடி வா" என்றான். எந்தக் கிழமை என்று சொல்லவில்லை.

இது வரைக்கும் நான் பார்த்தது. இனிமேல் கேட்டது.

ரியாஸ் எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன், வாணியம்பாடி. வேறு டீம். சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வருவான், ஏனென்றால் அங்கேதான் இடம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை, லீவுக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அவன் மேடவாக்கத்தில் ரூம் எடுத்திருக்கிறானாம். ரூம்மேட் ஜெர்வின் என்று ஒருவர். சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு அக்காவும் இன்னொரு அண்ணனும் வருவார்களாம். சினிமா விளையாட்டு விளையாடுவார்களாம். பயங்கர ஜாலி பாண்டி என்றான்.

நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அதுல கடைசியா ஒரு ரவுண்டு இருக்கு. அதுக்குப் பேரு கயத்தாறு. படத்தோட நடுவுல மட்டும் சொல்லணும், பேரு சொல்லக் கூடாது, முடிவு சொல்லக் கூடாது. முன்னாடி கயத்தாறுன்னு ஒருத்தரு இருந்தாராம், அவரு கண்டுபிடிச்சதாம். யாரு சொன்னாலும் தேனக்கா ஒத்துக்க மாட்டாங்க. அவன் சொன்ன மாதிரி இல்லைம்பாங்க."

அவர் இப்போது எங்கே என்று கேட்டேன்.

"அந்தாளு படிச்சுக் கெட்டுட்டான்னு தேனக்கா சொல்லுவாங்க. என்னன்னு எனக்குத் தெரியாது, ஏதோ எக்ஸாம் எழுதப் போயிட்டாரு போல." பிறகு அவன், "உங்க ஊரு அந்தப் பக்கம்தான பாண்டி? கயத்தாறு தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும். பஸ் நிக்கும்" என்றேன்.

பொய் இல்லை. பஸ் நிற்கும்.

படித்துக் கெட்டான் என்கிறாள் பாருங்கள். நான் இல்லாத இடத்தில் என் ஊர்ப் பெயரை வைத்து ஒரு ரவுண்டு, அதில் எல்லோருக்கும் சிரிப்பு. நான் அவ்வளவு படித்தும் அவர்கள் இன்னும் அந்தப் பழைய ஆளைத்தான் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு எப்படி இருக்கும்? ஆனால் ரியாஸ் அதோடு நிறுத்தவில்லை. இதுதான் நான் முதலில் சொன்னது, நான் பார்க்காத பகுதி.

அவர்கள் ஒரு சனிக்கிழமை என்னைத் தேடி வந்திருக்கிறார்கள்.

மூன்று பேரும் வந்திருக்கிறார்கள். பரணிதான் கூப்பிட்டானாம். "அவனையும் இழுத்துட்டு வந்துருவோம், அவன் இல்லாம என்னமோ போல இருக்கு" என்றானாம். பரணி சொன்னானாம், அதைக் கவனியுங்கள். முட்டை பப்ஸ் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு முட்டை பப்ஸ் பிடிக்கும். சொல்லாமல் போய் நிற்கலாம் என்று திட்டம். எதிரே டீக்கடை இருக்கிறதே, நீங்கள் வழி கேட்டீர்களே, அங்கே நின்று மேலே பார்த்திருக்கிறார்கள்.

நான் நின்று நடித்துக்கொண்டிருந்தேன்.

இருங்கள், இதை விளக்க வேண்டும். ஜெர்வின் போன பிறகும் நான் சனிக்கிழமைப் பழக்கத்தை விடவில்லை. விட்டால் மறந்துபோகும். அவர்கள் திரும்ப வரும்போது நான் பழைய மாதிரி ஆகிவிடக் கூடாது அல்லவா. அதனால் அந்த நேரத்துக்கு டீ போடுவேன். சீட்டு எழுதிப் போட்டு ஒன்றை எடுத்து, பீரோ பக்கத்தில் நின்று நடிப்பேன். நாற்காலிகள் எப்போதும் இருக்கிற இடத்தில் இருக்கும், அவற்றை நான் எதற்கு நகர்த்த வேண்டும்? சீட்டை எழுதியது நான் என்பதால் பதில் எனக்குத் தெரியும். ஆனால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியும். பரணி முதலில் தப்பாகத்தான் சொல்வான், அதற்குத் தலையை ஆட்ட வேண்டும். தேன்மொழி பக்கத்தில் வந்துவிடுவாள், அப்போது அவள் நாற்காலியைக் காட்டி, அதுதான் அதுதான், இன்னும் கொஞ்சம் என்று கையைச் சுழற்ற வேண்டும். ஜெர்வின் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். சிரிக்கத்தான் செய்வேன். சிரிப்பு வருமே. இதில் என்ன இருக்கிறது, தனியாக இருப்பவர்கள் குளியலறையில் பாடுவதில்லையா?

கீழே இருந்து அவர்கள் பார்த்தது இதைத்தான். ஆள் நிற்கிறான், கையைக் காட்டுகிறான், தலையை ஆட்டுகிறான், யாரையோ கை நீட்டிக் காட்டிச் சிரிக்கிறான். சத்தம் கேட்கவில்லையா என்றால், அந்தத் தெருவில் என்ன சத்தம் கேட்கும்? வண்டி, டீக்கடைப் பாட்டு.

ஜெர்வின் சொன்னானாம். ரியாஸ் அப்படியே நடித்துக் காட்டினான். "செட்டு சேந்துட்டான் மக்கா. நம்மளவிட நல்லா ஆடுத ஆளுங்களா இருக்கும். பாரு, எப்படிச் சிரிக்கான்னு. நம்மகிட்ட கடைசியில இவ்வளவு சிரிக்கவே இல்லையே."

தேன்மொழி, மேலே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்றாளாம். ஜெர்வின்தான் வேண்டாம் என்றானாம். நடுவில் போய் நின்றால் அந்த ஆட்களுக்குச் சங்கடமாக இருக்கும், நமக்கும் சங்கடம் என்றானாம். பரணி, "நல்லா இருந்தா சரி" என்றானாம். பப்ஸை அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு வாங்கியதை யார் சாப்பிட்டார்கள் என்று ரியாஸிடம் கேட்டேன். அது அவனுக்குத் தெரியவில்லை. அவன் ஒரு மாதிரிப் பார்த்தான், அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. ஒரு போன் பண்ணினால் முடிந்துவிடும். எத்தனையோ தடவை எடுத்துவிட்டேன். ஜெர்வின் பெயர் மேலேயே இருக்கிறது. ஆனால் போன் பண்ணினால் அவன் முதலில் என்ன கேட்பான்? "உன் செட்டு எப்படி இருக்கு?" என்பான். எனக்குப் பொய் சொல்ல வராது. செட்டு இல்லை, நாற்காலிதான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் வருவார்கள், அது எனக்குத் தெரியும். அன்றைக்கே வந்துவிடுவார்கள். பப்ஸ் வாங்கிக்கொண்டு வருவார்கள். வந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். பரணி மொட்டைத் தலையோடு வந்த அன்றைக்கு மற்ற இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்களே, அந்த மாதிரி. அப்புறம் நான் என்ன தப்பாகச் சொன்னாலும் நேரம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு விளையாட்டு எனக்கு வேண்டுமா? வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். சனிக்கிழமை தவிர மற்ற நாளில் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதற்காகத்தான் ஆள் தேடுகிறேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அறை காலியாகத்தான் இருக்கிறது, பார்த்தீர்களே. ஆனால் நீங்கள் வந்தால், உங்கள் சிநேகிதர்கள் யாராவது சனிக்கிழமை வந்தால், நான் ஜெர்வினுக்குப் போன் பண்ணி ஆமாம், செட்டு இருக்கிறது, நீங்களும் வாருங்கள் என்று சொல்லலாம். அது பொய்யாகாது. இரண்டு செட்டும் சேர்ந்து ஆடலாம்.

சினிமா அவ்வளவாகப் பார்த்ததில்லையா? பரவாயில்லை. அதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம், நான் சொல்லித் தருகிறேன். மூன்று மாதம் போதும். பாட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இன்னும் சீக்கிரம். என்ன? உங்கள் ஊர்த் திருவிழாவில் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்தீர்களா? எல்லாரும் இடது கையால் சாப்பிட்டார்களா? இல்லை இல்லை, அப்படிப் பார்த்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை யாரிடமும் சொல்லாதீர்கள் தம்பி, சிரிப்பார்கள். முறையாகப் பார்க்கலாம்.

யோசித்துச் சொல்கிறீர்களா? சொல்லுங்கள். அவசரமில்லை. இவ்வளவு நேரம் பேச வைத்துவிட்டு டீ கூடக் கொடுக்கவில்லை நான். வீட்டில் பால் இல்லை, கீழே கடையில் டீயே வாங்கி வருகிறேன். இருட்டிவிட்டது, ட்யூப்லைட்டைப் போட்டுவிட்டுப் போகிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். அப்படியே, அந்த நாற்காலியிலேயே இருங்கள். இதோ வந்துவிடுகிறேன்.

...

சூடாக இருக்கிறது, விளிம்பைப் பிடியுங்கள். சர்க்கரை போதுமா? கொஞ்சம் நேரமாகிவிட்டது, டீ போட்டது சீக்கிரம்தான், நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நடுவில் எழுந்திருக்கவில்லையே நீங்கள்? பால்கனிப் பக்கம், தண்ணீர் குடிக்க என்று? இல்லை. சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்களா, நிமிர்ந்தா? நிமிர்ந்துதான். சரி.

ஒன்றும் இல்லை, ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொண்டேன். கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு பேசக் கூடாது அல்லவா. டீக்கடைத் தூண் ஓரம், அவர்கள் நின்றதாக ரியாஸ் சொன்ன அதே இடத்தில் நின்று மேலே பார்த்தேன். லைட் நன்றாகத் தெரிகிறது. பீரோவின் மேல்பாதி தெரிகிறது. அதன் பக்கத்தில் ஒருவர் நின்றால் மார்புக்கு மேலே தெரியும். அதற்குக் கீழே எல்லாம் பால்கனிச் சுவர் மறைக்கிறது. இடம் மாற்றி மாற்றி நின்று பார்த்தேன், கடைக்காரர் என்ன என்று கேட்கும் வரைக்கும்.

நீங்கள் தெரியவில்லை.